டப்பாப் பால் குடித்த பிள்ளை

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வெடிச் சத்தத்துக்கு அழுவதில்லை. நாரணாபுரம் ரோட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காடு, அதைத் தாண்டிப் பட்டாசுக் கம்பெனி. சாயங்காலமானால் அன்றைக்குச் செய்த சரக்கில் சாம்பிள் எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். ஜன்னல் கதவு நடுங்கும், அடுக்கில் இருக்கிற தம்ளர்கள் கிணுகிணுக்கும், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அது பாட்டுக்குத் தூங்கும். வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகள்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். "வயித்துக்குள்ள இருக்கையிலயே கேட்டுப் பழகின பிள்ளைக" என்று அவர்களிடம் சொல்லிச் சிரிப்போம். என் மகளும் அப்படித்தான் தூங்கினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நானோ பயந்தாங்கொள்ளி. பிறந்தது விருதுநகரில், மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளுக்கு நடுவில், தும்மிக்கொண்டே வளர்ந்தவள். அங்கே மிளகாய் நெடியைத் தவிர பயப்பட ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி சிவகாசிக்கு வந்தபிறகு பயத்துக்குப் பஞ்சமில்லாமல் போனது. சாம்பிள் வெடியா, விபத்தா என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். வீட்டுக்காரர் லித்தோ அச்சாபீஸில் மெஷின் ஓட்டினார். நான் மிஷன் தொடக்கப் பள்ளியில் டீச்சர். என் பயத்தைப் பார்த்து அவர், "நீ இடி இடிச்சா மின்னல்கிட்ட மன்னிப்புக் கேப்ப" என்று கேலி செய்வார். கேலி செய்தால் பயம் போய்விடுமா என்ன?

மகள் குப்புற விழுந்து தவழப் பார்க்கிற பருவத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. என்ன காய்ச்சல் என்று யாரும் பேர் சொல்லவில்லை. கண் சொருகிக் கிடந்தாள். உடம்பு வில்லாக வளைந்தது. ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டார்கள். மார்பில் வைத்தால் உறிஞ்சத் தெம்பில்லை, வாய் ஓரமாக வழிந்துவிடும். பிழைக்குமா என்ற ஒன்றைத் தவிர அப்போது என் மனசில் வேறு எதுவும் இல்லை. பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது.

பூண்டு தின்றேன், பால்சுறா தின்றேன், யார் என்ன கீரை சொன்னாலும் தின்றேன். பால் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் டப்பாப் பால் வாங்கி, வெந்நீரில் கரைத்துப் பாலாடையில் புகட்டினேன். பிள்ளை தேறினாள், கன்னம் வைத்தது. ஆனால் என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மதினி எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். தாய் இறந்தபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் கிடையாது.

"தாய்ப்பால் குடியாத பிள்ளைக்குப் புத்தி மந்தமாத்தான் இருக்கும். நான் எம்புட்டுப் பாத்திருக்கேன்" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் இதைத் தலைகீழாகச் சொன்னார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாட்டைத் தண்ணீராகச் சொல்லுகிற பிள்ளைகள் பெரும்பாலும் கம்பெனி முதலாளிமார் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில்தான் அப்போது டப்பாப் பால். ஒரு முதலாளி வீட்டம்மா என்னிடமே சொன்னார்: "டப்பாப் பால்தான் டீச்சர் எம் பிள்ளைக்கு மூளையக் குடுத்துச்சு." மூன்று வயசுவரை தாயிடம் குடித்து வளர்ந்த தீப்பெட்டி ஆபீஸ் கூலிக்காரர்களின் பிள்ளைகள் கடைசி வரிசையில் தூங்கி விழுந்தார்கள். அவர்கள் விடியுமுன்னே எழுந்து அடிப்பெட்டி ஒட்டிவிட்டு வருகிறவர்கள். முன் பெஞ்சுப் பிள்ளைக்கு வீட்டில் டியூஷன் வாத்தியார், விளக்கு, மேசை, நேரத்துக்குச் சோறு. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாலைப் பிடித்துக்கொள்கிறார்களே என்று ஆசிரியர் அறையில் நான் சிரித்திருக்கிறேன்.

என் பிள்ளை விஷயம் என்று வந்தபோது அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ. மகளுக்குப் பேச்சு வரவில்லை. தெருவில் அவளோடு பிறந்த பிள்ளைகள் எல்லாம் அம்மா, அத்தை, காக்கா என்று பேசிக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டன. இவள் கத்துவாள், சிரிப்பாள், சொல் என்று ஒன்று வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், பல நேரம் திரும்பமாட்டாள். யாராவது பேசினால் அவர்கள் வாயையே வெறித்துப் பார்ப்பாள். பிறகு தன் உதட்டைச் சத்தமில்லாமல் மூடி மூடித் திறப்பாள்.

"பாரு, இன்னும் பால் ஏக்கம் போகல. சப்புக் கொட்டுது" என்பார் மதினி. "பார்வையப் பாரு. மந்தம். பாவம் மக்கு."

பயம் என்றால் என்னவென்று அந்த வருஷங்களில்தான் எனக்குத் தெரிந்தது. என் வகுப்பில் அப்படி ஒரு பையன் வந்து போயிருந்தான். எல்லாரும் அவனை மக்கு என்றே கூப்பிட்டார்கள், அவன் அம்மாகூட. அவன் முகம் தூக்கத்தில் வந்து நிற்கும். நான் செத்தால் இவளுக்கு யார் சோறு போடுவார்கள்? எவன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து எத்தனை பேருடைய ஏச்சைக் கேட்பாள்? தினமும் அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்து அடியில் கரண்டியை ஒளிப்பேன். டக்கென்று எடுத்துவிடுவாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். மறுநாள் பின்னாலிருந்து பத்துத்தரம் கூப்பிட்டும் திரும்பமாட்டாள். அன்றைக்கு இறங்காது. கரண்டியை எடுக்கிற பிள்ளை ஏன் கூப்பிட்டால் வரவில்லை என்று யோசிக்கத் தோன்றியிருக்க வேண்டும். பயந்தவளுக்கு யோசனை எங்கே வரும்? என் மார்பு வற்றியதுதான் அவள் மூளையையும் வற்றவைத்துவிட்டது என்று உள்ளூர நம்பிவிட்டேன்.

காது என்ற நினைப்பே எங்கள் யாருக்கும் வரவில்லை. சாம்பிள் வெடிக்கும்போது அவள் அழாமல் இருந்தாள், சரிதான், எங்கள் ஊர்ப் பிள்ளை. பெரிய வெடி என்றால் நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பாள். அதனால் கேட்கிறது என்றும் இருந்துவிட்டோம்.

பள்ளியில் சேர்க்கிற வயசு நெருங்கியது. பெரிய டீச்சரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் என் மகளை ஞாயிற்றுக்கிழமை தோறும் கோவிலில், ஆராதனையில் பார்க்கிறவர். "நம்ம பிள்ளைதான். ஆனா மத்த பிள்ளைக படிப்பு கெட்டுப் போகுமே" என்றார். மதினி அதைக் கேட்டுவிட்டு, "வீட்டோட இருக்கட்டும். பெட்டி ஒட்டப் பழக்கினா போச்சு. அடுத்த பிள்ளைக்காவது ஒழுங்காப் பாலக் குடு" என்றார். அடுத்த பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். இதே போல இன்னொன்று பிறந்தால் என்ன செய்வேன்?

அந்தச் சமயத்தில் காரியாபட்டியில் என் சின்னம்மா மகளுக்குக் கல்யாணம். சிவகாசியிலிருந்து போகிறவர்கள் வெறுங்கையோடு போக முடியாது, வெடிக்கட்டு கொண்டுபோக வேண்டும். நாங்கள் மூன்று பேர், மதினி, அவர் பையன்கள் இரண்டு பேர் என்று பஸ் ஏறிப் போனோம். கோவில் திறந்த வெளியில் இருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் வெடியைக் கொளுத்தினார்.

காரியாபட்டிப் பிள்ளைகள் அலறிய அலறலில் கோவில் மணிச் சத்தமே அமுங்கிவிட்டது. ஆளாளுக்குத் தாய் சேலையைப் பிடித்துத் தொங்கினார்கள். என் மகள் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அசையவில்லை. சின்னம்மா ஆச்சரியப்பட்டு, "என்ன பிள்ளை இது, ஏறிட்டுக்கூடப் பாக்கல?" என்றார்.

"சிவகாசிப் பிள்ளையில்லா" என்று நான்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே மதினியின் பையன்களைப் பார்த்தேன். அவர்களும் அழவில்லை. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் தலை சத்தம் வந்த பக்கம் திரும்பியது. கண் சிமிட்டியது. "இது நம்மூர் லட்சுமி வெடிலே" என்று ஒருவன் மற்றவனுக்குச் சொன்னான். அவர்கள் பயப்படாத பிள்ளைகள். என் மகள் திரும்பாத பிள்ளை.

அங்கே ஜன்னல் இல்லை. நடுங்குவதற்குக் கதவு இல்லை, தம்ளர் இல்லை. வீட்டில் அவள் நிமிர்ந்து பார்த்ததெல்லாம் நடுங்குகிற ஜன்னலைத்தான். நான் வீட்டுக்காரர் பக்கத்தில் ஓடி, "இன்னொண்ணு போடுங்க" என்றேன். "தீந்துபோச்சு, ஒண்ணுதான் கெடக்கு" என்றார். "அதைப் போடுங்க. பிள்ளைக்குப் பின்னால, கொஞ்சம் கிட்டக்கப் போடுங்க." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார். கல்யாணக் கூட்டமே காதைப் பொத்தியது. என் மகள் குச்சியை எடுத்து, போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள்.

மதுரையில் ஒரு காது டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் அவளுக்குப் பின்னால் மணி அடித்தார், தட்டைத் தட்டினார். பிறகு என்னை அவளுக்கு எதிரே உட்கார வைத்து, "வாயை மறைச்சுக்கிட்டுக் கூப்பிடுங்கம்மா" என்றார். முந்தானையால் மறைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவள் மேசைமேல் இருந்த பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப வாயைத் திறந்து காட்டி, சத்தமே இல்லாம, வீட்டுல வழக்கமாச் சொல்றதை ஏதாவது சொல்லுங்க" என்றார். தம்ளர் எடு என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவள் இறங்கிப் போய், எங்கள் பையைத் துழாவி, தம்ளரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

டாக்டர் சிரித்தார். "மூளைக்கு என்ன கொறைச்சல்? யாரும் சொல்லிக் குடுக்காம உதட்டைப் படிச்சிருக்கா. நம்மால முடியுமா?"

அவள் உதட்டை மூடி மூடித் திறந்தது எங்கள் வாயைப் பார்த்து எங்களைப்போலப் பேசிப் பார்த்தது. அதைத்தான் நாங்கள் பால் ஏக்கம் என்றோம். வெறித்துப் பார்த்ததை மந்தம் என்றோம். அந்த அறையிலேயே நான் வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன், ஆனால் சந்தோஷம் மட்டும் இல்லை.

"டப்பாப் பால் குடுத்ததால காது போயிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பால் ஏன் நிறுத்தினீங்க?" என்று திருப்பிக் கேட்டார். காய்ச்சலைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் காய்ச்சலா இருக்கலாம். போட்ட மருந்தா இருக்கலாம். பிறக்கும்போதே இருந்துருக்கலாம். எதுன்னு இனிமே நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா பாலைக் குத்தம் சொல்ல எங்கிட்ட ஒரு காரணமும் இல்ல" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதலில் காய்ச்சல். காய்ச்சலால் பிள்ளை உறிஞ்சவில்லை, பால் வற்றியது. அதே காய்ச்சலால் காது போயிருந்தால் பேச்சும் வராமல் போயிருக்கும். பால் வற்றியதும் பேச்சு வராததும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நாங்கள் காய்ச்சல் என்ற தாயை மறந்துவிட்டு, ஒன்றுதான் மற்றதைப் பெற்றது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இது புரிந்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, இடம்தான் மாறியது. திருமங்கலம் தாண்டும்போது அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனியில் ஒன்று வெடித்தால் எங்கள் ஊரில் சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் ஓடுவார்கள். இத்தனை நாளும் அந்தக் கருவேலங்காட்டு ஓரத்தில் இவளை விளையாட விட்டிருக்கிறேனே.

வீட்டில் மதினியிடம் சொன்னோம். அவர் மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு, "காது போனதும் அந்த டப்பாப் பாலாலதான்" என்றார்.

என் வீட்டுக்காரர் அக்காவை எதிர்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன். "அக்கா, ஐப்பசி மழையில எங்க ஆபீஸ்ல காகிதம் ஈரத்துல விரிஞ்சுரும். ஒவ்வொரு கலரா அச்சடிக்கையில மஞ்சள் மை இடம் தவறும், செவப்பு மையும் இடம் தவறும். மஞ்சள் தவறுனதாலதான் செவப்பு தவறுச்சுன்னு சொன்னா ஒத்துக்கிடுவீகளா?"

"நான் பிள்ளையப் பத்திப் பேசுறேன், நீ காகிதத்தப் பத்திப் பேசுற" என்று மதினி எழுந்து போய்விட்டார். என் மகளைக் குளிப்பாட்டித் தலைபின்னிப் பொட்டலம் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறவர். கெட்ட மனுஷி இல்லை. பிடித்ததை விடமாட்டார், அவ்வளவுதான்.

தெற்கே ஒரு ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கு மிஷன் நடத்துகிற விடுதிப் பள்ளி இருந்தது. அங்கே சேர்த்தோம். விட்டுவிட்டு வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நான் நின்ற கோலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் அவள் வாயில் சொல் கூடியிருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத கட்டைக் குரல். பேசுகிறவர் தொண்டையில் கையை வைத்து, அந்த அதிர்வைத் தன் தொண்டையில் கொண்டுவரப் பழக்கியிருந்தார்கள். படிப்பில் கெட்டி.

அதற்குப் பிறகுதான் எனக்கு இரண்டாவது பிள்ளையைப் பெற்றுக்கொள்ளத் தைரியம் வந்தது. பையன். பால் எனக்கு வழிந்தது. மதினிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். நான் மட்டும் யாரும் இல்லாதபோது அவன் தொட்டிலுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டுவேன். திரும்புவான். நம்பாமல் மறுபடி தட்டுவேன்.

மகள் பெரிய லீவுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் நான் சுவரோரம் உட்கார்ந்து பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குப் பக்கத்தில் பாடப் புத்தகத்தோடு இருந்தாள். வாசல் நிலையில் மதினி, அடுத்த வீட்டுக்காரியோடு. ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கே கேட்கவில்லை. மகள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அம்மா. நான் மக்கா?"

மதினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் மெதுவாத்தானத்தா சொன்னேன். இதாவது தாய்ப்பால் குடிக்குது, அது மாதிரி மக்காப் போகாதுன்னு. அம்புட்டுத்தான். இவளுக்கு எப்படி..."

"மெதுவாச் சொன்னா என்ன மதினி, முகத்த இங்கனதான வச்சிருந்தீக" என்றேன்.

அந்தச் சொல்லை அவளுக்குப் பள்ளியில் கற்றுக்கொடுத்திருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில், எங்கள் வாயில், பார்த்துப் பார்த்து அவளே கற்றது. இவளுக்கு எதுவும் புரியாமல் போய்விடுமோ என்று நான் அத்தனை வருஷம் பயந்தேன். அத்தனை வருஷமும் இவளுக்கு எல்லாம் புரிந்திருக்குமோ என்று அன்றைக்குப் பயந்தேன்.

"இல்ல கண்ணு. நீ கெட்டிக்காரி" என்று அவள் பார்க்கும்படி சொன்னேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தான். "நானும் குடிச்சிருந்தா, எனக்குக் கேட்டிருக்குமா?"

"இல்ல. மொதல்ல உனக்குக் காய்ச்சல் வந்துச்சு. பால் பெறகுதான் நின்னுச்சு. பாலால இல்ல."

என் உதட்டைக் கடைசி எழுத்துவரை பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் தொண்டையில் கையை வைத்து, "திரும்பச் சொல்லு" என்றாள். சொன்னேன். என் குரல் நடுங்கியது அவள் கைக்குத் தெரிந்திருக்கும்.